பிடித்திருப்பதும் நன்றாக இருப்பதும்

எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடும் ஒரு நாவலை எடுத்தீர்கள், ஐம்பது பக்கம் தாண்ட முடியவில்லை. ஒரு நண்பர் "உனக்கு ரசனை போதாது" என்கிறார். இன்னொருவர் "தரமாவது ஒன்றாவது, எல்லாம் அவரவர் ரசனை, படித்தவர்கள் சேர்ந்து கட்டிவிட்ட கதை" என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. கலையின் தரம் ரசனையை விட்டுத் தனியாக நிற்கிறதா என்பது ஒன்று. நிற்கிறது என்றால், அதைச் சொல்ல யாருக்குத் தகுதி என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை வருகிறது. முதல் கேள்விக்கு ஓரளவு தைரியமாகவே பதில் சொல்வேன். இரண்டாவதில் அவ்வளவு தைரியம் கிடையாது.

பல வருடங்களாகச் சிறுகதைகளைத் தேர்ந்தெடுப்பதும் செப்பனிடுவதும் என் வேலை. போட்டிகளுக்கு நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். அழகியல் பற்றிப் படித்ததெல்லாம் அங்கே நடந்த வாக்குவாதங்களில் பதில் தேடிப் படித்ததுதான். அதனால் என் உதாரணங்கள் எழுத்துப் பக்கம் சாயும். இசை, ஓவியம் என்று வரும்போது மற்றவர்கள் செய்த ஆய்வுகளை நம்பித்தான் பேசுகிறேன்.

நாம் தினமும் சொல்கிற இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். "நல்ல படம்தான், ஆனா எனக்கு ஒட்டல." "படு மட்டமான படம், ஆனா எப்பப் போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பேன்." இவற்றைக் கேட்டு யாரும் குழம்புவதில்லை. தரம் என்பது ரசனையின் மறுபெயர்தான் என்றால் இரண்டுமே உளறலாகப் பட்டிருக்க வேண்டும். 'நல்ல படம்' என்றால் 'நிறையப் பேருக்குப் பிடித்த படம்' என்றுதான் அர்த்தம் என்று ஒருவர் சமாளிக்கலாம். அதுவும் நிற்காது. "யாருமே பார்க்கல, விமர்சனமும் நல்லா வரல, எனக்கும் ஒட்டல, ஆனா நல்ல படம்" என்று ஒருவர் சொன்னால் நாம் அவரைப் பைத்தியம் என்று நினைப்பதில்லை. "எதனால அப்படிச் சொல்றீங்க?" என்று கேட்கிறோம். அந்த 'எதனால' மேல்தான் எல்லாம் நிற்கிறது. பிடித்திருக்கிறது என்பவர் காரணம் சொல்லாவிட்டாலும் குற்றமில்லை. அவருக்குப் பிடித்திருப்பது உண்மை, பேச்சு அங்கேயே முடிந்தது. நன்றாக இருக்கிறது என்பவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட் 1790-ல் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார். இனிமையாக இருக்கிறது என்பவர் தன்னைப் பற்றிப் பேசுகிறார், அழகாக இருக்கிறது என்பவரோ மற்றவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். ஆனால் அந்த எதிர்பார்ப்பை நிரூபித்துத் தருவதற்கு விதி எதுவும் கிடையாது என்றும் அவரே சொல்லி வைத்தார். சிக்கல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

காரணம் சொல்வது என்றால் எப்படி என்று ஒரு கதையை வைத்துக் காட்டுகிறேன். தேர்வுக்கு வந்த கதைதான், விவரங்களை மாற்றிவிட்டேன். ஒரு பெண் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறாள். கணவன் பழுது பார்க்கக் கொடுத்திருந்த கண்ணாடியை வாங்கிக்கொள்ள வேண்டும். அவன் போன வாரம் இறந்துவிட்டான் என்பது நமக்குத் தெரியும், கடைக்காரருக்குத் தெரியாது. அவர் கண்ணாடியைத் துடைத்து உறையில் போட்டு நீட்டியபடி, "சார் போட்டுப் பார்க்கட்டும். காதுகிட்ட அழுத்தினா எடுத்துட்டு வரச் சொல்லுங்க, லூஸ் பண்ணித் தரேன்" என்கிறார். அவள் "சரி, சொல்றேன்" என்று பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறாள். கதை இங்கே முடியவில்லை. "அவள் நெஞ்சே வெடித்துவிடும் போல் இருந்தது. மரணம்தான் எவ்வளவு கொடியது! விழியோரம் நீர் திரண்டது" என்று இன்னும் நாலு வரி போகிறது.

அந்த நாலு வரியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு ஒரு தடவை படியுங்கள். கையை எடுத்துவிட்டு இன்னொரு தடவை படியுங்கள். மறைத்துப் படிக்கும்போது "சரி, சொல்றேன்" என்பதற்குள் நிறைய இருக்கிறது. அந்தச் செய்தியை வாய்விட்டுச் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லாமல் இருக்கலாம். முன்பின் தெரியாதவரின் பரிதாபம் வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். அவனிடம் போய்ச் சொல்ல இன்னும் ஒரு செய்தி இருக்கிறது என்ற நிலையை ஒரு நிமிடம் விட்டுவிட மனமில்லாமல் இருக்கலாம். மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கின்றன. கையை எடுத்ததும் அந்த நாலு வரி வந்து மூன்றையும் அழித்துவிட்டு, எந்த மரணத்துக்கும் பொருந்துகிற ஒரு பொதுச் சோகத்தை வைக்கிறது. இது என் ரசனை இல்லை. அந்தப் பக்கத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். சோகக் கதையே பிடிக்காது என்று ஒருவர் சொன்னால் அது ரசனை. அவரும் அந்த நாலு வரி கதையைக் கெடுக்கிறது என்பதைப் பார்க்க முடியும். "எனக்கு அந்த அழுகைதான் பிடிச்சிருந்தது" என்று ஒரு வாசகர் சொன்னால் அதையும் பொய் என்று சொல்ல மாட்டேன். அவருக்குப் பிடித்திருக்கிறது, வரிகள் கதையைக் கெடுக்கவும் செய்கின்றன. இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. நன்னூலில் பவணந்தி முனிவர் நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் சொல்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், சென்று தேய்ந்திறுதல் என்று போகும் அந்தக் குற்றப் பட்டியலைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். வேலை மேசையில் நாங்கள் தினமும் புலம்புவது அத்தனையும் அதில் இருக்கிறது. நாலு வரி அழுகை மிகைபடக் கூறல். முதல் நூறு பக்கம் அமர்க்களமாகப் போய்ப் பிறகு காற்றுப் போன நாவல் சென்று தேய்ந்திறுதல். குற்றங்களை ஒப்புக்கொள்வது எளிது, அழகுகளில்தான் கருத்து பிரியும். 'ஆழமுடைத்தாதல்' ஓர் அழகு என்கிறார், எது ஆழம் என்று பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பதில் வரும்.

அதே சமயம் இந்தப் பட்டியலை விதியாக எடுத்துக்கொண்டு எல்லாவற்றின் மேலும் ஏவினால் வம்பு. அவர் அதை அறிவைச் சொல்லும் நூல்களுக்காகச் சொன்னார். ஒப்பாரியில் கூறியது கூறல்தான் உயிர். தாலாட்டில் திரும்பத் திரும்ப வரும் சொல்லை வெட்டினால் குழந்தை தூங்காது. மேலே சொன்ன கதை வேறு விதமான கதையாக, முதல் வரியிலிருந்தே குரலெடுத்து அழும் கதையாக இருந்திருந்தால், கடைசியில் அடக்கி வாசிப்பதுதான் பிசகாகியிருக்கும். ஆகவே தரத்தை அளக்கும் கோல் வெளியிலிருந்து வருவதில்லை, அந்தப் படைப்பு எந்த வகையைச் சேர்ந்தது, என்ன செய்ய முயல்கிறது என்பதிலிருந்து வருகிறது. இதைச் சொன்னதும் "பார்த்தீர்களா, பொதுவான அளவுகோல் இல்லை, அப்படியானால் எல்லாம் ரசனைதான்" என்று சிலர் குதிப்பார்கள். ஒரே அளவுகோல் இல்லை என்பதற்கும் அளவுகோலே இல்லை என்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

இனி எதிர்ப்பக்கம். "படித்தவர்கள் கட்டிவிட்ட கதை" என்ற உங்கள் நண்பரை லேசாகத் தள்ளிவிட முடியாது. பியர் பூர்தியு என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர் 1960-களில் பிரான்ஸில் ஆய்வு நடத்தி 1979-ல் ஒரு பெரிய புத்தகமாக வெளியிட்டார். யாருக்கு எந்த இசை பிடிக்கும், எந்த ஓவியம் பிடிக்கும் என்பது அவர்களுடைய படிப்போடும் வர்க்கத்தோடும் எவ்வளவு நெருக்கமாக ஒட்டியிருக்கிறது என்று காட்டினார். 'உயர்ந்த ரசனை' என்பது பல நேரங்களில் 'நான் உன்னைப் போன்றவன் இல்லை' என்று சொல்லும் வழி. இது உண்மைதான், கூட்டங்களில் கண்ணெதிரே நடக்கும். ஆனால் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் என்பவரை ஒருவர் ஏன் ரசிக்கிறார் என்பதை விளக்கிவிட்டால், அந்த பாக்கின் இசையில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடாது. அவர் அந்தஸ்துக்காகவே கேட்க ஆரம்பித்திருக்கலாம், இசை அதன் போக்கில் இருக்கிறது.

இன்னொரு தாக்குதல், பழக்கம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கட்டிங் என்ற உளவியலாளர் இம்ப்ரெஷனிச ஓவியங்களை வைத்துச் செய்த சோதனை 2003-ல் வெளிவந்தது. புத்தகங்களில் அடிக்கடி அச்சாகும் ஓவியங்களைத்தான் மாணவர்கள் அதிகம் விரும்பினார்கள். பிறகு ஒரு வகுப்பில், அதிகம் அச்சாகாத ஓவியங்களைப் பாடத்துக்குச் சம்பந்தமில்லாமல் சில விநாடிகள் அடிக்கடி காட்டிவந்தார். பருவ முடிவில் புகழ்பெற்ற ஓவியங்களுக்கு இருந்த அந்த முன்னிலை காணாமல் போயிருந்தது. அப்படியானால் 'தலைசிறந்தவை' என்பதெல்லாம் அடிக்கடி கண்ணில் பட்டவை மட்டும்தானா? இதைக் கேட்ட சில ஆய்வாளர்கள் 2013-ல் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். விளக்கெரியும் குடில்களாக வரைந்து லட்சக்கணக்கில் பிரதி விற்ற தாமஸ் கின்கேட் என்ற அமெரிக்கரின் படங்களையும், ஜான் எவரெட் மில்லே என்ற ஆங்கில ஓவியரின் படங்களையும் அதே மாதிரி திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கின்கேட் படங்கள் பார்க்கப் பார்க்கப் பிடிக்காமல் போயின. மில்லே படங்களுக்கு அந்தச் சரிவு ஏற்படவில்லை. எனக்கு இந்த முடிவு மிகவும் உவப்பானது, அதனாலேயே அதன் மேல் அதிக பாரம் ஏற்றத் தயங்குகிறேன். இரண்டு ஓவியர்களை வைத்துச் செய்த ஒரு சோதனை அது. பழக்கம் எல்லாவற்றையும் ஒரே அளவில் உயர்த்திவிடாது என்ற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் 2006-ல் வெளியிட்ட இசைச் சோதனை. அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்கள், 14,341 பேர். ஒரு பிரிவினருக்கு மற்றவர்கள் எதைத் தரவிறக்கினார்கள் என்று தெரியாது. மீதிப் பேரை எட்டு 'உலகங்களாக' பிரித்து, ஒவ்வொன்றிலும் அந்த உலகத்தின் தரவிறக்க எண்ணிக்கையை மட்டும் காட்டினார்கள். எட்டு உலகத்திலும் வெவ்வேறு பாடல்கள் கொடி கட்டிப் பறந்தன. ஆனால் தனியாகக் கேட்டவர்கள் மிகவும் விரும்பிய பாடல்கள் எங்கும் அதிகம் அடிவாங்கவில்லை, அவர்கள் ஒதுக்கியவை எங்கும் அதிகம் மேலே வரவில்லை. நடுவில் இருந்தவைக்கு என்ன வேண்டுமானாலும் நடந்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும், இங்கே 'நல்ல பாடல்' என்று அவர்கள் எடுத்துக்கொண்டது தனியாகக் கேட்டவர்களின் விருப்பத்தைத்தான். அதனால் இதைத் தரத்துக்கான சான்றாகக் காட்ட முடியாது. புகழ் எவ்வளவு அதிர்ஷ்டம் என்பதற்குத்தான் சான்று. 'எல்லோரும் கொண்டாடுகிறார்கள்' என்பதை நீங்கள் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது இதிலிருந்து கிடைக்கிறது.

சரி, கூட்டத்தை விடுங்கள், தேர்ந்தவர்களை நம்பலாமா? ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1757-ல் எழுதிய ரசனை பற்றிய கட்டுரை அதைத்தான் சொன்னது. நுட்பமான உணர்வு, பயிற்சி, ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம், முன்முடிவில்லாத மனம், தெளிந்த அறிவு இவை உள்ளவர்கள் சேர்ந்து தரும் தீர்ப்பே அளவுகோல் என்றார். அதற்கு ஸ்பானிய நாவலாசிரியர் செர்வான்டஸ் எழுதியதிலிருந்து ஒரு கதையை எடுத்தார். ஒரு பீப்பாய் மதுவை இருவர் சுவைக்கிறார்கள். நன்றாக இருக்கிறது, லேசாகத் தோல் வாசம் என்கிறார் ஒருவர். இல்லை, இரும்பு வாசம் என்கிறார் மற்றவர். எல்லோரும் சிரிக்கிறார்கள். பீப்பாய் காலியானதும் அடியில் தோல்வார் கட்டிய ஒரு பழைய சாவி கிடக்கிறது. அழகான கதை. ஆனால் கலையில் பீப்பாய் காலியாவதே இல்லை. அடியில் கிடக்கும் சாவியை எடுத்துக் காட்டி வாக்குவாதத்தை முடிக்க யாராலும் முடியாது. மறுபடி மறுபடி சுவைத்துப் பார்க்கச் சொல்லத்தான் முடியும்.

அதே கட்டுரையில் ஹியூம் சறுக்கிய இடமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியவர்களில் ஓகில்பியும் மில்டனும் சமம், பன்யனும் அடிசனும் சமம் என்று ஒருவன் சொன்னால், எலி தோண்டிப் போட்ட மண்மேடும் டெனரீஃப் மலையும் ஒரே உயரம் என்பது போல் ஆகும் என்று எழுதினார். மில்டன் விஷயம் இன்றைக்கும் நிற்கிறது, ஓகில்பியின் பெயரே பலருக்குத் தெரியாது. பன்யன் விஷயம் தலைகீழாகிவிட்டது. ஹியூம் மண்மேடு என்று நினைத்த பன்யனின் நூலைத் தழுவித்தான் எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளை தமிழில் 'இரட்சணிய யாத்திரிகம்' என்று ஒரு காப்பியமே பாடினார். அடிசனை இன்று ரசித்துப் படிப்பவர்கள் குறைவு. பன்யன் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் தொழில் செய்தவர், அதிகம் படிக்காதவர், எளிய நடையில் எழுதியவர். ஹியூம் காலத்துக் கனவான்களுக்கு அந்த நடையில் கலை இருக்க முடியும் என்றே தோன்றவில்லை என்று ஊகிக்கிறேன். பூர்தியு சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது. ஆனால் பன்யனுக்குப் பிறகு கிடைத்த மதிப்பும் யாரோ மனம் போன போக்கில் கொடுத்தது இல்லை. அந்த எளிய உரைநடையில் என்ன வலு இருக்கிறது என்று வரிவரியாகக் காட்டி வாதாடி வாங்கியது. தரம் என்று ஒன்று இல்லவே இல்லை என்றால் ஹியூம் சறுக்கினார் என்று சொல்லவும் நமக்கு வழியில்லை.

நடுவர்கள் மேசையிலும் இதே கதைதான். வந்து குவியும் கதைகளில் பெரும்பகுதியை ஒதுக்குவதில் எங்களுக்குள் சண்டையே வராது. வெவ்வேறு வயது, வெவ்வேறு அரசியல், வெவ்வேறு வாசிப்பு, இருந்தும் ஒதுக்கும் கதைகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மிஞ்சும் ஏழெட்டுக் கதைகளில் முதல் பரிசு எது என்று வரும்போதுதான் குரல் உயரும். அங்கே நாங்கள் சொல்லும் காரணங்கள் அத்தனையும் உண்மையாகவே இருக்கும், ஆனால் எந்தக் காரணத்துக்கு எவ்வளவு எடை என்பதை அவரவர் மனச்சாய்வுதான் முடிவு செய்யும். ஒருவருக்கு மொழி, ஒருவருக்கு வாழ்க்கை, ஒருவருக்கு வடிவம். மேல்மட்டத்தில் தரவரிசை என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். பெல்ஜியத்தின் ராணி எலிசபெத் பியானோ போட்டியை ஆராய்ந்த கின்ஸ்பர்க், வான் ஓர்ஸ் என்ற பொருளியலாளர்கள், இறுதிச்சுற்றில் யார் எந்த நாளில் வாசிக்கிறார்கள் என்பது தரவரிசையைப் பாதிக்கிறது என்று காட்டினார்கள். அந்த வரிசை குலுக்கலில் முடிவாவது. வெகு தேர்ச்சி பெற்ற காதுகளுக்கே இந்தக் கதி என்றால், எட்டு மோசமான கதைகளுக்குப் பிறகு ஒன்பதாவதாக என் கையில் வரும் சுமாரான கதை எவ்வளவு ஜொலிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பரிசு அறிவிப்புகளை நான் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் நம்புவேன், நானே கையெழுத்திட்டிருந்தாலும்.

காலம் தீர்ப்புச் சொல்லிவிடும் என்பார்கள். ஓரளவு சரிதான், சாய்வுள்ளவர்கள் செத்துப் போகிறார்கள், படைப்பு மிஞ்சுகிறது. ஆனால் காலம் கண்மூடித்தனமாகவும் வாரிக்கொண்டு போகும். பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸ் எழுதிய நூற்றுக்கும் மேற்பட்ட நாடகங்களில் முழுதாகக் கிடைப்பவை ஏழு. மற்றவை மட்டம் என்பதால் அழியவில்லை. உ.வே.சாமிநாதையர் 1894-ல் அச்சிடும்வரை புறநானூறு ஏட்டில் கிடந்தது, வெகுசிலரே படித்தார்கள். அப்போது ரசிக்க ஆளில்லை என்பதால் அந்தப் பாடல்களில் ஒன்றும் இல்லை என்று யாராவது சொல்வார்களா?

இவ்வளவு தூரம் தரம் வேறு, ரசனை வேறு என்று பிரித்தபின் ஒரு முக்கியமான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். தரத்தைப் பார்க்க ரசனையைத் தவிர வேறு வழி கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கதையில் அந்த "சரி, சொல்றேன்" முதலில் என் நெஞ்சில் தைத்தது. காரணங்கள் பிறகு வந்தன. தைக்காமல் போயிருந்தால் காரணம் தேடியிருக்கவே மாட்டேன். எதுவும் தைக்காத ஒருவர் குறிப்பேடு வைத்துக்கொண்டு மதிப்பெண் போட முடியாது. அபிநவகுப்தர் போன்ற பழைய சமஸ்கிருத அழகியல் அறிஞர்கள் 'சகிருதயர்' என்று பேசியது இதைத்தான் என்று புரிந்துகொள்கிறேன், கவிதையோடு ஒத்த இதயம் தயாராக இருந்தால்தான் ரசம் என்கிற கலைச்சுவையே பிறக்கும். அந்தத் தயாரிப்பு வாசிப்பால் வருவது. இருபது வயதில் எனக்குச் சப்பென்று இருந்த சில எழுத்தாளர்கள் இன்று அப்படி இல்லை, அப்போது உயிராக இருந்த சிலரை இப்போது திறக்க முடிவதில்லை. புத்தகங்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

உங்கள் நாவலுக்கு வருகிறேன். ஐம்பது பக்கத்தில் நின்றதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அந்த வகை நாவலின் நடைவேகம் உங்களுக்குப் பழகாமல் இருக்கலாம், மொழிபெயர்ப்பு மோசமாக இருக்கலாம், நாவலே உண்மையில் தொய்வாக இருக்கலாம், எந்தக் குறையும் இல்லாமல் உங்களுக்கு ஒட்டாமலும் இருக்கலாம். இதில் எது என்று கண்டுபிடிக்க, கொண்டாடும் நண்பரிடம் ரசனை பற்றிப் பேசாமல், "எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். விருதுகளையும் எழுத்தாளரின் பெயரையும் மட்டும் சொன்னால் அவரிடம் காரணம் இல்லை. ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினால் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். அவர் சொல்வது அங்கே இருக்கிறது, ஆனாலும் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் கூச்சப்படாமல் மூடி வைக்கலாம். அவர் சொல்வது அங்கே இல்லவே இல்லை என்று பட்டால் அதை அவரிடமே சொல்லுங்கள், அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டே. நாவலின் பெயரை நீங்கள் எழுதவில்லை. எழுதினால், நான் படித்த நாவலாக இருக்கும் பட்சத்தில், எனக்குத் தைத்த பக்கங்களையும் தொய்ந்த பக்கங்களையும் நானும் குறித்துத் தருகிறேன்.